இலை போடாத வரவேற்பு

வரவேற்பைத் திட்டமிட்ட அன்றைக்கு இந்தக் கூடத்தில் ஐந்து பேர் இருந்தோம். முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உலகநாயகி ஆகிய நான். என் மகன் நெல்லையப்பன். மருமகள் சியாமளா. அவர்களுடைய ஒரே மகள், கல்யாணப் பெண், உமையாள். ஐந்தாவது, உங்கள் விழா ஏற்பாட்டு நிறுவனத்திலிருந்து மடிக்கணினியோடு வந்த சுதர்சன். என் கணவரின் தங்கை பிரமு அன்று இங்கே இல்லை. பேச்சு அவளைப் பற்றியதாக இருந்தது, அவ்வளவுதான்.

உட்காருங்கள். மோர் குடிக்கிறீர்களா? வேண்டாம் என்று முதல் தடவை சொன்னால் நான் விடுவதில்லை. குடியுங்கள்.

உங்கள் படிவத்தை நிரப்பிவிட்டேன். பன்னிரண்டு கேள்விகள். பதினொன்றுக்கு ஐந்து நட்சத்திரங்கள் இட்டிருக்கிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்தி, அதில் பதினான்கு ஆண்டுகள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலராகவும் இருந்தவள் நான். யாருக்கும் நட்சத்திரம் போட்டதில்லை, மதிப்பெண்தான் போட்டிருக்கிறேன். இருந்தாலும் உங்கள் முறை அது என்றால் சரி. ஏழாவது கேள்வியை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். 'உணவு எல்லா விருந்தினருக்கும் சென்று சேர்ந்ததா?' என்பது கேள்வி. காலியாக விட்டால் உங்கள் அலுவலகம் சுதர்சனைக் கேள்வி கேட்கும் என்கிறீர்கள். கேட்கக் கூடாது. பிழை அவர் மீது இல்லை. அதனால்தான் உங்களை உட்காரச் சொன்னேன். நான் செய்ததற்கு இன்னொருவர் பதில் சொல்லும் வழக்கம் எங்கள் கல்லூரியில் இருந்ததில்லை.

திருமணம் பெங்களூரில், மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பில், அறுபது பேர் முன்னிலையில் முடிந்துவிட்டது. இங்கே பாளையங்கோட்டையில் எங்கள் சொந்தபந்தத்துக்காக ஒரு வரவேற்பு. அது எங்கள் பொறுப்பு. எங்கள் பக்கத்து மனிதர்கள் உமையாள் கல்யாணத்துக்கு என்று உட்கார்ந்து சாப்பிடப்போவது அந்த ஒரு வேளைதான். இது எனக்குத் தெரியாததல்ல. நன்றாகத் தெரியும்.

அன்று உமையாள் டவுனிலிருந்து நேராக வந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிரமுவின் வீடு. பத்திரிகை கொடுக்கப் போயிருந்தாள். இந்த வீட்டு வாசற்படியைப் பிரமு மிதித்து ஒன்பது ஆண்டுகள். ஆனால் உமையாள் கைக்குழந்தையாக இருந்தபோது, சியாமளா வேலைக்குப் போக, நான் கல்லூரிக்குப் போக, எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள் பிரமு. அந்தப் பாசம் இருவருக்கும் விட்டுப்போகவில்லை.

"பிரமு ஆச்சி வரேன்னு சொல்லிட்டாங்க!" என்றாள் உமையாள், செருப்பைக்கூடக் கழற்றாமல். "ஒரே ஒரு கண்டிஷன்."

"என்ன கண்டிஷன்?" என்றான் என் மகன். அவன் முகத்தில் ஏற்கெனவே பயம்.

உமையாள் பிரமுவின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். "'உங்க ஆச்சியக் கால்ல விழச் சொல்லல தாயி. மன்னிப்புக் கேக்கவும் சொல்லல. மதினி என் பக்கத்துல வந்து, பிரமு, இலைல உக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். உக்காந்து கை நனைச்சிட்டுப் போறேன். அதோட எல்லாம் முடிஞ்சிது.'"

நீங்கள் சென்னையா? அப்படியானால் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்பார்கள். பகை உள்ள வீட்டுக்குத் துட்டிக்கு, அதாவது சாவுக்குத் துக்கம் கேட்க, போவார்கள், நல்லதுக்கும் போய்த் தலைகாட்டுவார்கள். கை மட்டும் நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் பகை போய்விட்டது என்று பொருள். அதற்கு மேல் பேச்சுவார்த்தை, சமாதானம் எதுவும் தேவையில்லை.

ஏன் பகை என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான்.

என் கணவர் சங்கரலிங்கம் காலமான பதினாறாம் நாள். முதல் பந்தி உட்கார்ந்தாயிற்று. பிரமுவும் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பதினாறு நாளும் இந்த வீட்டின் அடுப்படியைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். சோறு விழுந்து, பருப்பும் விழுந்து, நெய்க்காகக் காத்திருந்தாள். அந்த நேரத்தில் எங்கள் கல்லூரிச் செயலாளரும் ஆட்சிக்குழுவினர் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். ஓர் இலை குறைந்தது. நான் பிரமுவிடம் போய், "நீ வீட்டு மனுஷிதானே, அடுத்த பந்தியில் உட்கார்ந்துகொள்" என்றேன். தேர்வுக்கூடத்தில் ஒரு மாணவியை ஓர் இருக்கையிலிருந்து இன்னோர் இருக்கைக்கு மாற்றுவதைப்போலத்தான் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. என் மொழியில் பிழை இல்லை.

அவள் எழுந்தாள். தன் இலையைத் தானே மூடினாள். புறவாசல் வழியாகப் போய்விட்டாள். அண்ணனுக்கான இலையிலிருந்து தங்கையை எழுப்பினேன் என்று ஊரார் பிறகு பேசிக்கொண்டார்கள். ஊரார் எதையும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அம்மா, உண்மையும் அதுதான். வேறு விதமாகச் சொல்வதற்கு ஒன்பது ஆண்டுகளாக முயன்று பார்த்திருக்கிறேன். வரவில்லை.

சரி. அன்றைய கூடத்துக்கு வருவோம்.

உமையாள் அந்த நிபந்தனையைச் சொன்னதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுதர்சனைப் பார்த்து, "நீங்கள் தொடங்குங்கள்" என்றேன். பாவம், அவர் மடிக்கணினியைத் திறந்து படங்களைக் காட்டினார். இரண்டு வகை வரவேற்பு இருப்பதாகச் சொன்னார். ஒன்று, உட்கார்ந்து இலையில் சாப்பிடுவது. மற்றது காக்டெயில் முறை. அந்தச் சொல்லைக் கேட்டதும் என் மகன் எழுந்தே விட்டான்.

"தம்பி, நாங்க சைவம்! முட்டைகூடக் கிடையாது. குடியெல்லாம்..."

"சார், சார், அது பேரு மட்டும்தான் சார். நாம நன்னாரி, பானகம், இளநீர் குடுத்துடலாம். விஷயம் என்னன்னா, யாரும் ஒரே இடத்துல உக்கார மாட்டாங்க. உயரமான குட்டி டேபிள் அங்கங்க இருக்கும். நின்னுக்கிட்டு, நடந்துக்கிட்டு, பேசிக்கிட்டே சாப்பிடுவாங்க. ட்ரேல எல்லாம் கைக்கே வந்துடும். மினி இட்லி, பணியாரம், சின்னக் கிண்ணத்துல சாம்பார். பந்தி, வரிசை, அடுத்த பந்திக்கு இடம் பிடிக்கிறது, எதுவும் கிடையாது."

பந்தி கிடையாது. அந்தச் சொற்கள் என் காதில் எப்படி விழுந்தன என்று உங்களுக்கு நான் சொல்லத்தான் வேண்டும். ஒரு தேர்வு இரத்தானதாக அறிவிப்பு வந்தால் படிக்காத மாணவிக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

பந்தி இல்லை என்றால் இலை இல்லை. இலை இல்லை என்றால், 'இலையில் உட்கார்' என்று நான் யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. நிபந்தனையை நான் மறுத்ததாகவும் ஆகாது. கேள்வியே தாளில் இல்லை.

"காக்டெயில் முறை" என்றேன்.

உமையாள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஆச்சி, செம! நானே இத எப்படிக் கேக்கறதுன்னு யோசிச்சுட்டு இருந்தேன்." சியாமளா தன் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள், "எங்க அத்தைதான் சொன்னாங்க, எழுபத்தாறு வயசுல பாருங்க." அடுத்த நாளே உறவு முழுவதும் பரவிவிட்டது, உலகநாயகி எவ்வளவு முற்போக்கு என்று. எனக்கு அந்தப் பாராட்டு பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று உங்களிடம் சொன்னால் அது பொய்.

சியாமளா ஒன்று சேர்த்தாள். அவள் எதையும் மெதுவாகத்தான் சேர்ப்பாள். "அத்தை, பெரியவங்க கொஞ்சப் பேருக்கு மட்டும், ஓரமா, இருபத்தஞ்சு இலை போட்டுருவோமா? முட்டி வலிக்காரங்க இருக்காங்க." சுதர்சன் உடனே ஒத்துக்கொண்டார். உமையாள், "அதுல பிரமு ஆச்சிய உக்கார வைக்கலாம்" என்றாள். நான் சுதர்சனிடம் அடுத்த படத்தைக் காட்டச் சொன்னேன்.

இரண்டு நாளில் இறுதிப் பட்டியல் என் ஒப்புதலுக்கு வந்தது. மொத்தம் இருபத்திரண்டு இனங்கள். பதினான்காவது, 'மூத்தோருக்கு இலைச் சாப்பாடு, இருபத்தைந்து பேர்'. சிவப்பு மை எடுத்து அந்த ஒரு வரியை அடித்தேன். ஓரத்தில், 'இரு வேறு முறைகள் ஒரே கூடத்தில் குழப்பம் தரும்' என்று காரணம் எழுதினேன். கையொப்பமிட்டேன், தேதி போட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பெரியவர்களுக்கு நாற்காலி போடுவது என்று முடிவு செய்தேன். இருநூறு பேருக்கு எழுபது நாற்காலி. யாருக்கு நாற்காலி என்று மூன்று நாள் உட்கார்ந்து பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒட்டுவதற்குப் பெயர் அட்டைகளை என் கையாலேயே எழுதினேன். பிரமுவின் பெயரை மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிய எழுத்தில் எழுதினேன். அது போதும் என்று நினைத்தேன். போதும் என்று என்னை நானே நம்பவைத்தேன், அப்படிச் சொல்வதுதான் சரி.

வரவேற்பு அன்று ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. எழுதியே கொடுத்திருக்கிறேன். விளக்குகள், பூக்கள், அந்த வயலின் வாசித்த இரண்டு பெண்கள், எல்லாம் நேர்த்தி. எங்கள் மனிதர்கள்தான் கொஞ்சம் தடுமாறினார்கள். கோயில் அறங்காவலர் பெரியநாயகம் அண்ணாச்சி ஏழு மணிக்கே என்னிடம் வந்து, "எம்மா, பந்தி எந்தப் பக்கம்? மொதப் பந்திக்கே நின்னுக்கிடுதேன், ஒம்போது மணிக்கு மாத்திர போடணும்" என்றார். பந்தி இல்லை, தட்டு உங்களைத் தேடி வரும் என்றேன். "தேடி வருமா? நான் என்ன ஓடிப்போன மாடா?" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மைத்துனர் குரலைத் தாழ்த்தி, "காக்டெயிலுன்னாவளே, அது உள்ள ரூம்லயா?" என்று கேட்டார். நன்னாரிச் சர்பத்தைக் காட்டினேன். அவர் முகம் விழுந்ததைப் பார்த்து நானே சிரித்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை என்று பிறர் நினைக்கிறார்கள். அது என்ன தெரியுமா? எங்கள் ஊரில் 'வேண்டாம்' என்பது முதல் தடவை ஒரு பதில் இல்லை. மரியாதை. இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை கையைப் பிடித்துக் கேட்டால்தான் உண்மையான விடை வரும். உங்கள் பணியாளர்கள் நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள். தட்டை நீட்டினார்கள். 'இருக்கட்டும்' என்றால், புன்னகையோடு அடுத்தவரிடம் போய்விட்டார்கள். அப்படி எத்தனை பேர் அன்று வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போய் உப்புமா கிண்டினார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் இதை நான் கணக்கில் எடுக்காமல் இல்லை. எழுபத்தாறு ஆண்டுகள் இதே ஊரில் வாழ்ந்தவளுக்கு இது தெரியாதா?

பிரமு ஏழேகால் மணிக்கு வந்தாள். அரக்குப் பட்டு. தலையில் பிச்சிப்பூ. ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள் இப்போது. நேராக என்னிடம் வந்தாள்.

"மதினி, சுகமா இருக்கியளா? ரொம்ப மெலிஞ்சிட்டியளே."

ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவள் குரல். என் கையில் பட்டியல் இருந்தது. நான் சொன்னேன், "வா பிரமு. உன் நாற்காலி மூன்றாவது வரிசை, வலப்பக்கம்."

"சரி மதினி" என்றாள். போய் உட்கார்ந்தாள்.

நான் பத்தடி தூரத்தில்தான் நின்றேன். தட்டு அவளிடம் போனது. "இருக்கட்டும் தம்பி" என்றாள். மறுபடி போனது, பணியாரம். "இருக்கட்டும்யா." மூன்றாவது தடவை இளநீர். கும்பிட்டு மறுத்தாள். ஒவ்வொரு முறையும் மறுத்துவிட்டு என் பக்கம் பார்த்தாள். குற்றம் சொல்லும் பார்வை இல்லை. அழைப்பு மணிக்குக் காத்திருக்கும் மாணவியின் பார்வை. மணி அடிக்கும் என்று உறுதியாக நம்புகிற மாணவி.

ஒரு முறை நான் இரண்டடி எடுத்துவைத்தேன். எங்கள் கல்லூரியின் பழைய முதல்வர் ஒருவர் குறுக்கே வந்து, "மேடம், எவ்வளவு நவீனமான ஏற்பாடு!" என்றார். நின்றுவிட்டேன். அவரோடு பத்து நிமிடம் பேசினேன். பேச வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

நீங்கள் கேட்க வருவது புரிகிறது. டவுன் இங்கிருந்து இருபது நிமிடம், பேருந்து வாசலிலேயே நிற்கிறது, இப்போதாவது போகலாமே என்பது. அது உங்கள் படிவத்தில் இல்லாத கேள்வி. மோரைக் குடியுங்கள்.

ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் உமையாள் மேடையிலிருந்து இறங்கினாள். கல்யாணப் பெண், கனத்த பட்டு, அதோடு பிரமுவின் நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். நானும் நெருங்கிப் போயிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"பிரமு ஆச்சி, சாப்ட்டியா?"

"இன்னும் கூப்பிடலையே தாயி. மதினி வருவாவ. வேலையா இருக்காவல்லா, இவ்வளவு கூட்டத்தையும் ஒத்தைல பாத்துக்கிடுதாவ."

"இலை டேபிள்ல உக்காரலையா நீ?"

"எங்கட்டி இருக்கு இலை? நானும் கண்ணச் சுத்திச் சுத்திப் பாக்கேன்."

உமையாள் எழுந்து சமையல் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். ஓர் இலை வேண்டும், ஒன்றே ஒன்று, கொஞ்சம் சோறு, எது இருக்கிறதோ அது. அந்த மனிதர் கையைப் பிசைந்தார். "மேடம், சோறே வைக்கல மேடம். இலை இருக்கு. ஆனா அல்வாவுக்கு அடில வைக்கிறதுக்காக எல்லாத்தையும் வட்டமா வெட்டிட்டோம்." சொன்னதோடு நில்லாமல் ஒன்றை எடுத்தும் காட்டினார். உள்ளங்கையில் பாதி இருக்கும். நல்ல தளிர் இலை.

"பெரியவங்களுக்கு இருபத்தஞ்சு இலைன்னு லிஸ்ட்ல இருந்துச்சே?"

"பதினாலாவது அயிட்டம்தானே மேடம்? பெரியம்மாதான் அடிச்சுட்டாங்க. கையெழுத்து இருக்கு." கைப்பேசியில் அந்தப் பக்கத்தின் படத்தைக் காட்டினார். தன் மீது பழி வராமல் பார்த்துக்கொண்டார். நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

உமையாள் படித்தாள். என் சிவப்பு மை. என் கையெழுத்து யாருக்கும் படிக்கச் சிரமம் தருவதில்லை. படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற, இருபத்தேழு வயதுப் பெண். அவள் என்னை அப்படிப் பார்த்ததே கிடையாது. நான், "இரண்டு முறைகளையும் ஒரே கூடத்தில்..." என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. வாழ்க்கையில் நான் ஆரம்பித்து முடிக்காத வாக்கியங்கள் மிகக் குறைவு.

பிரமுவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. அவள் காதில் கோளாறு இல்லை, காலில்தான்.

உமையாள் என் கையைப் பிடித்தாள். அவள் மருதாணிக் கை சூடாக இருந்தது. "ஆச்சி, இலை இல்லாட்டி என்ன? ஒரு தட்டுல எதையாவது வச்சுக் கூப்பிடு. 'பிரமு, சாப்பிட வா.' அவ்வளவுதான். மூணு வார்த்தை. ப்ளீஸ் ஆச்சி."

பக்கத்து மேசையில் தட்டு இருந்தது. நான் எடுத்தேன். அதில் ஒரு பணியாரம் இருந்தது, குச்சி செருகியது. பிரமு எழுந்து நின்றாள். எனக்காகத்தான் எழுந்தாள் என்று இன்றும் நினைக்கிறேன். அவள் முகத்தில் இன்னும் கொஞ்சம் எதிர்பார்ப்பு இருந்தது. அவ்வளவையும் கேட்ட பிறகும் இருந்தது. நான் அவளுக்கு நேர் எதிரே நின்றேன். மூன்று சொற்கள். நான் வாயைத் திறந்தேன்.

"பத்து மணி வரை நேரம் இருக்கிறது, பிரமு. நாற்காலி உனக்குத்தான், உட்கார்" என்றேன்.

அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்காதீர்கள். என்னிடமிருந்துதான் வந்தன.

பிரமு என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். பிறகு உமையாளின் தாடையைத் தொட்டு, அந்த விரல்களைத் தன் உதட்டில் வைத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். எனக்கும் உயரமான மேசைக்கும் நடுவே வழி குறுகலாக இருந்தது. நான் ஒதுங்கி வழிவிட்டேன். அதைத்தான் செய்தேன். என் தோளை உரசாமல், பார்த்துக் கடந்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். திட்டியிருந்தாலும் சொல்லியிருப்பேன். வாசலில் பெண்கள் தாம்பூலப் பையை நீட்டினார்கள். அவள் கை நீளவில்லை. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து, ஒவ்வொரு படியாக இறங்கி, கை நனைக்காமலே போனாள்.